எத்தனை கிலோ பைப் வாங்குவது?

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் பிளாஸ்டிக் குழாய்க்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் யார் வீட்டுக்குப் போனாலும் போரில் இருந்து தொட்டிக்கு, தொட்டியில் இருந்து சமையலறைக்கு, கட்டுத்தரைக்கு, நாற்றங்காலுக்கு என்று எல்லா இடத்துக்கும் தண்ணீர் போவது பிளாஸ்டிக் குழாயில்தான். ஜிஐ குழாய் நம் உப்புத் தண்ணீருக்கு உள்ளே துருவும் சுண்ணாம்பும் பிடித்து ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு அடைத்துக்கொள்ளும். செம்புக்குழாய் நம்மால் ஆகிற காரியம் இல்லை. ஆக, போடுவது போடுகிறோம், முப்பது வருஷம் தாங்குவது போல ஒரே தடவை போட்டுவிட்டால் பிளாஸ்டிக்கும் குறையும், காசும் மிஞ்சும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டி எடுத்து வீசுவதுதான் பெரிய குப்பை.

வங்கியில் இருந்தபோது விவசாயக் கடன் மனுக்களோடு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் வரும். மோட்டாருக்கு எத்தனை ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ், என்ன கம்பெனி என்று நாலு வரி இருக்கும். கீழே "பைப் மற்றும் ஃபிட்டிங்ஸ்" என்று ஒரே வரி, அதற்கு நேராக ஒரு முழுத்தொகை. எத்தனை கிலோ பைப், எந்தத் தரம், ஒன்றும் இருக்காது. நூறு மனுவில் ஒன்றில்கூட இருந்ததாக நினைவில்லை. மோட்டாரை ஐந்து கடை ஏறி இறங்கி வாங்கும் அதே மனுஷர், குழாயை மட்டும் "எது சல்லிசோ அதைப் போடுப்பா" என்று பிளம்பரிடம் விட்டுவிடுகிறார். மண்ணுக்குள் போகிற சாமான், கண்ணுக்குத் தெரியாது என்பதால் இருக்கலாம்.

முதலில் இந்த "கிலோ" என்ன என்று பார்ப்போம். கடையில் நாலு கிலோ பைப், ஆறு கிலோ பைப் என்கிறார்களே, அது குழாயின் எடை அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிலோ அழுத்தத்தைக் குழாய் தொடர்ந்து தாங்கும் என்பது. நாம் வழக்கமாக வாங்கும் சாம்பல் நிறப் பிவிசி குழாய்க்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 4985. அதில் 2.5, 4, 6, 8, 10, 12.5 கிலோ என்று வகைகள் உண்டு. நம்ம ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது நாலும் ஆறும். மேலே உள்ளதைச் சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும்.

தண்ணீரின் உயரத்தை அழுத்தமாக மாற்றுவது எளிது. 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் ஒரு கிலோ. மாடியில் வைத்த தொட்டியின் அடிப்பாகம் சமையலறைக் குழாயில் இருந்து 15 அடி உயரம் என்றால், குழாயில் அரைக்கிலோகூட இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். தொட்டியில் இருந்து கீழே இறங்கும் பக்கத்தில் குழாய் வெடிக்க வாய்ப்பே குறைவு. அங்கே பிரச்சினை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். வெடிப்பதெல்லாம் மோட்டாருக்கும் தொட்டிக்கும் இடையில்.

கார்த்திகையில் வெடிக்கும் குழாய்

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துச் சாளையில் நடந்ததைச் சொல்கிறேன். தாராபுரம் பக்கம் போர் போடாத தோட்டம் கிடையாது. அவருடைய போரில் இருந்து வீட்டுத் தொட்டிக்கு இரண்டு இன்ச், அதாவது 63 மில்லி, ஆறு கிலோ பைப். தொட்டி நிரம்பி வழியக்கூடாது என்று மேலே ஃப்ளோட் வால்வு மாட்டியிருந்தார்கள். தண்ணீர் நிரம்பியதும் பந்து மேலே வந்து அடைத்துக்கொள்ளும். கிணற்றடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் எப்போது வந்தாலும் மோட்டார் தானே ஓடும். மூன்று கோடை இப்படியே போயிற்று, ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாலாவது வருஷம் கார்த்திகையில், ஒரு நல்ல மழைக்குப் பிறகு, இரவு குடோன் சுவர் ஓரம் இருந்த எல்போ விட்டுக்கொண்டது. காலையில் பார்க்கும்போது உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த விரலி மஞ்சள் 28 மூட்டை. அடுக்கின் கீழ்வரிசை முழுக்கப் போயிற்று. மேல் வரிசைகளைக் காயப்போட்டு எடுத்தும் பாதி விலைக்குத்தான் போனது.

அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏனுங்க சார், கோடையில இருபது மணி நேரம் ஓடுனப்பக்கூட ஒண்ணும் ஆகலீங்க. மழை பேஞ்சு மோட்டார் சும்மா இருக்கற காலத்துல எப்படிங்க வெடிக்கும்?"

கல்லூரியில் படித்த இயற்பியல் அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது. எந்த நீர்மூழ்கி மோட்டாருக்கும், வால்வை முழுக்க மூடிவிட்டால் அதிகபட்சம் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும் என்று ஓர் அளவு உண்டு. மோட்டாரோடு வரும் அட்டையில் தண்ணீர் அளவு சுழியமாக இருக்கும் இடத்தில் எதிரே எழுதியிருக்கும் ஹெட் அது. அவருடைய மோட்டாருக்கு அது 460 அடி. சித்திரையில் போரில் தண்ணீர் நிற்கும் ஆழம் 300 அடி. மோட்டாரின் பலத்தில் 300 அடி, தண்ணீரைத் தரைக்குக் கொண்டுவரவே செலவாகிவிடும். மீதி 160 அடி. 33ஆல் வகுத்தால் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு கிலோ பைப் தாங்கிவிட்டது. கார்த்திகையில் தண்ணீர் 120 அடிக்கு ஏறி வந்துவிட்டது. இப்போது மீதி 340 அடி. பத்து கிலோவுக்கு மேல். தொட்டி நிரம்பி ஃப்ளோட் வால்வு அடைத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அத்தனை அழுத்தமும் ஆறு கிலோ குழாய் மேல்தான் நிற்கும்.

பத்து கிலோ வந்தவுடன் ஆறு கிலோ குழாய் பட்டென்று வெடித்துவிடாது. தாங்கும் எண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் அது மணிக்கணக்கில், ராத்திரி ராத்திரியாக நிற்கும்போது எங்கே பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் எல்போ. காரணம், வளைவில் தண்ணீர் இரண்டு பக்கமும் தள்ளுகிறது. 63 மில்லி குழாயில் பத்து கிலோ அழுத்தம் என்றால் ஓர் எல்போவை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 440 கிலோ, ஒரு காளையின் எடை. வெறும் பசையை நம்பி அதை நிறுத்த முடியாது. இரண்டு இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள குழாய்களில் வளைவுக்கு வெளிப்பக்கம் ஒரு சட்டி கான்கிரீட் போட்டு முட்டுக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆக, மோட்டாரில் இருந்து வரும் குழாயை வாங்குமுன் மூன்று எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரின் மூடிய வால்வு ஹெட், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் ஆழம், குழாயில் எங்காவது வால்வு உண்டா இல்லையா. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்து 33ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் கிலோ. கோடை ஆழத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. வால்வே இல்லாமல் தொட்டியில் திறந்து விழுகிற குழாயாக இருந்தால் இவ்வளவு பலம் தேவையில்லை, குழாய் ஏறும் உயரமும் உரசல் இழப்பும் மட்டும்தான் கணக்கு. ஆனால் இன்றைக்கு இல்லாத வால்வு நாளைக்கு வரும். பையன் சொட்டுநீர் போடுவான், ஃபில்டர் வைப்பான், ஒரு கேட் வால்வு முளைக்கும்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி டெலிவரி பக்கம் மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, வால்வை மெதுவாக மூடி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு உடனே திறந்துவிடலாம். சில வினாடிகள் போதும். நீண்ட நேரம் மூடி ஓட்டினால் மோட்டார் சூடேறும். அதே காரணத்தால் ஃப்ளோட் வால்வை மட்டும் நம்பாமல், தொட்டி நிரம்பினால் மோட்டாரையே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சைப் போடுவது நல்லது. பக்கத்துச் சாளையில் இப்போது அதுதான் இருக்கிறது. குழாயும் பத்து கிலோவுக்கு மாறிவிட்டது.

அழுத்தத்துக்கு இன்னொரு மூலமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அது சுவரில் மோதும் வண்டி மாதிரி. பிவிசி குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைப் பட்டென நிறுத்தினால், இருக்கிற அழுத்தத்துக்கு மேல் இன்னும் மூன்று முதல் நாலு கிலோ ஏறும். "டொக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது. மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் மோட்டாருக்கு 63 மில்லி குழாய் போட்டால் வேகம் வினாடிக்கு ஒன்றேகால் மீட்டர். அதே மோட்டாருக்குக் காசு மிச்சம் என்று 50 மில்லி போட்டால் இரண்டு மீட்டர். அதிர்ச்சியும் அதே விகிதத்தில் கூடும், மின்சாரமும் வீணாகும். வேகம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அடிக்கடி மூடித்திறக்கும் இடத்தில், கால் திருப்பில் மூடும் பால் வால்வைவிடச் சுற்றிச் சுற்றி மூடும் கேட் வால்வு பாதுகாப்பு.

எந்தப் பிளாஸ்டிக் எங்கே

கடையில் நிற்கும் குழாய்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். குடிநீருக்கும் அழுத்தத்துக்கும் உள்ளது ஐஎஸ் 4985 என்று சொன்னேன். அதே சாம்பல் நிறத்தில் ஐஎஸ் 13592 என்று அச்சிட்ட எஸ்டபிள்யூஆர் குழாயும் இருக்கும். அது கழிவுநீருக்கும் மழைநீருக்கும். திறந்து ஓடுகிற தண்ணீருக்குத் தானே தவிர அழுத்தத்துக்கு அல்ல. மிச்சம் கிடந்தது என்று அதை மோட்டார் லைனில் நடுவில் ஒட்டி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மின்சார வயர் போடும் கன்ட்யூட் குழாயும் அப்படித்தான், தண்ணீருக்கு ஆகாது.

வெள்ளை நிறத்தில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று ஒரு வகை வருகிறது. வீட்டுக்குள் போடும் யுபிவிசி. அமெரிக்க அளவுமுறை, சுவர் கனமானது, ஒரு இன்ச்சு ஷெட்யூல் 40 குழாய் குளிர்ந்த தண்ணீரில் 30 கிலோவைத் தாண்டித் தாங்கும். வீட்டுக்குத் தாராளம். ஆனால் குழாயில் மரை வெட்டினால் சுவரின் கனம் குறைந்து தாங்கும் திறன் பாதியாகிவிடும். அதனால் மரை வேண்டுமென்றால் ஷெட்யூல் 80 மட்டும்தான். ஷெட்யூல் 40ஐ ஒட்டித்தான் இணைக்க வேண்டும்.

அளவிலும் ஒரு தகராறு இருக்கிறது. விவசாயப் பைப்பில் ஒரு இன்ச்சு என்றால் வெளிவிட்டம் 32 மில்லி. வெள்ளைக் குழாயில் ஒரு இன்ச்சு 33.4 மில்லி. ஒன்றின் கப்ளர் இன்னொன்றுக்குச் சேராது. சூடு காட்டி விரித்து உள்ளே நுழைத்து "சேந்துருச்சு சார்" என்பார்கள். அந்த இணைப்பு ஒரு வருஷம் இருந்தால் அதிசயம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மரை அடாப்டர் வைத்து இணைப்பதுதான் முறை.

வெந்நீர் வந்தால் இந்த இரண்டுமே ஒதுங்க வேண்டும். பிவிசிக்குச் சூடு பெரிய எதிரி. 23 டிகிரி தண்ணீரில் பத்து கிலோ தாங்கும் பிவிசி, 38 டிகிரியில் ஆறு கிலோதான் தாங்கும், 43இல் ஐந்து, 60 டிகிரியில் இரண்டு. ஐஎஸ் 4985 குழாயில் எழுதியுள்ள கிலோ 27 டிகிரிக்கு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் குழாயில் நிற்கும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அப்போது உங்கள் ஆறு கிலோ பைப் உண்மையில் எத்தனை கிலோ என்று நினைத்துப் பாருங்கள்.

வெந்நீருக்கு சிபிவிசி. லேசான மஞ்சள் கலந்த நிறம், தர எண் ஐஎஸ் 15778. இதில் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று இரண்டு. எஸ்டிஆர் என்றால் வெளிவிட்டத்தைச் சுவரின் கனத்தால் வகுத்த எண். எண் சிறிதானால் சுவர் கனமானது. எஸ்டிஆர் 11 குழாய் 23 டிகிரியில் 28 கிலோவும், 82 டிகிரி வெந்நீரில் 7 கிலோவும் தாங்கும். 13.5 குழாய்க்கு அது முறையே 22ம் ஐந்தரையும். வீட்டுக்கு இரண்டுமே போதும் என்றாலும், சுவருக்குள் புதைப்பதை நான் 11இல்தான் போடச் சொல்வேன். டைல்ஸ் உடைத்து மாற்றும் செலவு குழாய் விலை வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு.

சூரிய வெந்நீர்க் கலன் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போய் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் உள்ளே தண்ணீர் 82 டிகிரிக்கும் மேலே போகலாம். கலனின் காற்றுக்குழாய் அடைபடாமல் திறந்திருக்க வேண்டும். அதில் மூடி போட்டுவிட்டு வெடித்தது என்று சொல்லக்கூடாது. கீசருக்கோ கலனுக்கோ இணைக்கும் இடத்தில் பித்தளை மரை உள்ள அடாப்டர் போடுங்கள், வெறும் பிளாஸ்டிக் மரை சூட்டில் தளர்ந்துவிடும்.

தூரம் அதிகமானால், உதாரணமாகப் போரில் இருந்து சாளைக்கு 300 அடி என்றால், கறுப்பு ஹெச்டிபிஇ குழாயை யோசிக்கலாம். ஐஎஸ் 4984. சுருளாக வரும், நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே இழுவையில் போட்டுவிடலாம். 20 அடிக்கு ஒரு ஒட்டு என்றால் 300 அடிக்குப் பதினைந்து துண்டு, நடுவில் மட்டும் பதினாலு ஒட்டு, பதினாலு சந்தேகம். மண் அசைந்தாலும் இது வளைந்து கொடுக்கும். கார்பன் கலந்திருப்பதால் வெயிலுக்கும் பயமில்லை. பசை ஒட்டாது, கம்ப்ரெஷன் ஃபிட்டிங் மாட்டி இறுக்க வேண்டும். நம் பக்கம் பிளம்பர்களுக்கு இதில் பழக்கம் குறைவு, அதனால் வேண்டாம் என்பார்கள். அது குழாயின் குறை அல்ல.

தண்ணீர் வரவில்லை என்கிற பிரச்சினை

தொட்டியில் இருந்து இறங்கும் பக்கத்தில் வேறு பிரச்சினை என்றேன் அல்லவா. அங்கே அழுத்தம் குறைவு என்பதால், இருக்கிற கொஞ்சத்தையும் குழாயின் உரசல் தின்றுவிடாமல் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு. தொட்டியில் இருந்து 100 அடி தூரத்தில் கட்டுத்தரை. மாட்டுத் தொட்டியை நிரப்ப நிமிஷத்துக்கு 16 லிட்டர், அதாவது ஒரு பெரிய பக்கெட் வேண்டும். அரை இன்ச்சு வெள்ளைக் குழாய் போட்டால் அந்த 100 அடியில் உரசலுக்கு மட்டும் நாலரை மீட்டர் உயரம் போய்விடும். உங்கள் தொட்டியே பதினைந்து அடி உயரம்தான், அதாவது நாலரை மீட்டர். கணக்கு சுழியம், தண்ணீர் நூல் போல வரும். அதையே முக்கால் இன்ச்சு போட்டால் இழப்பு 1.2 மீட்டர். ஒரு இன்ச்சு போட்டால் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. விட்டம் கொஞ்சம் கூடினால் உரசல் பல மடங்கு குறைகிறது. இதற்கு மோட்டார் வேண்டாம், பிரஷர் பம்பு வேண்டாம், ஒரு அளவு பெரிய குழாய் போதும். ஒரு தடவை குழாய்க்குக் கொடுக்கும் காசா, வாழ்நாள் முழுக்க மின்சாரத்துக்குக் கொடுக்கும் காசா என்பதுதான் கேள்வி.

வாங்கும்போது உள்விட்டத்தைப் பாருங்கள். முக்கால் இன்ச்சு ஷெட்யூல் 40 குழாயின் உள்விட்டம் 21 மில்லி அளவுக்கு இருக்கும். அதே முக்கால் இன்ச்சு சிபிவிசியில் 18 மில்லிதான். அரை இன்ச்சு சிபிவிசியில் 12 சொச்சம். வீடு முழுக்கச் சிபிவிசி போட்டுவிட்டு "முந்தி மாதிரி தண்ணி வரலைங்களே" என்று சொல்பவர்களுக்கு இதுதான் விடை. மாடித்தொட்டியில் இருந்து இறங்கும் முதல் குழாய் ஒன்றேகால் இன்ச்சோ ஒரு இன்ச்சோ இருக்கட்டும், கிளை பிரியும்போது முக்காலாகட்டும், கடைசி நாலடி மட்டும் அரை இன்ச்சாக இருக்கலாம். எல்போக்களும் உரசல்தான். நேராகப் போக வேண்டிய இடத்தில் நாலு எல்போ வைத்து ஜன்னலைச் சுற்றுவது பிளம்பருக்குச் சுலபம், தண்ணீருக்கு அல்ல.

குடிக்கிற தண்ணீர்

இந்தப் பகுதியை வீட்டுப் பெண்களும் படிக்க வேண்டும். பிவிசி தயாரிக்கும்போது சூட்டில் கருகாமல் இருக்க நிலைப்படுத்தி ஒன்றைக் கலப்பார்கள். நீண்ட காலமாக நம் நாட்டில் இதற்கு ஈயச் சேர்மங்கள் பயன்பட்டன. ஈயம் தண்ணீரில் கசிந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், நிறமோ வாசமோ காட்டிக்கொடுக்காது. 2021இல் மத்திய அரசு பிவிசி குழாய்களிலும் ஃபிட்டிங்குகளிலும் ஈய நிலைப்படுத்தியை ஒழிக்க விதிகள் கொண்டுவந்தது. இப்போது பல குழாய்களில் "லெட் ஃப்ரீ" என்று அச்சிட்டிருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் போகும் லைனுக்கு அந்த அச்சு இல்லாத குழாயை வாங்காதீர்கள். ஃபிட்டிங்குக்கும் அதே விதி.

நிலத்தில் பழைய குழாய் ஏற்கனவே இருப்பவர்கள் எல்லாவற்றையும் தோண்ட வேண்டியதில்லை. இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் முதலில் பிடித்துக் குடிக்காமல், இரண்டு பக்கெட் வாசல் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். புது லைன் போட்டதும் நன்றாக ஓடவிட்டுக் கழுவிய பிறகே குடிக்க எடுங்கள். பசை வாசம் போகும் வரையாவது.

குழாயில் ஐஎஸ்ஐ முத்திரை, தர எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண், அளவு, எத்தனை கிலோ, எல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணைப் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அடுத்த கடை.

இயற்கை விவசாயிகளான நமக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று தொட்டி தொட்டியாகக் கரைத்து வைத்திருக்கிறோம். கரைக்கத் தண்ணீர் விட வீட்டு லைனில் ஹோஸ் மாட்டி, நுனியைக் கரைசலுக்குள்ளேயே முக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவோம். அந்த நேரம் மின்சாரம் போனாலோ, கீழே யாராவது பெரிய குழாயைத் திறந்தாலோ, லைனில் அழுத்தம் இறங்கி ஹோஸ் கரைசலைத் திரும்ப உறிஞ்சும். சாணியும் கோமியமும் கலந்த தண்ணீர் சமையலறைக் குழாய்க்குப் போக ஒரு நிமிஷம் போதும். பயிருக்கு அமிர்தம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஹோஸ் நுனி எப்போதும் தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டியிருக்கட்டும். தண்ணீர் காற்றில் விழுந்து தொட்டிக்குப் போக வேண்டும். வெஞ்சுரி வழியாகச் சொட்டுநீரில் கரைசல் விடுகிறவர்கள் அந்த லைனை வீட்டு லைனோடு இணைக்கவே கூடாது. நடுவில் என்ஆர்வி வைத்தோம் என்று சிலர் சொல்கிறார்கள். என்ஆர்வியில் ஒரு வைக்கோல் துரும்பு சிக்கினால் அது திறந்தே நிற்கும்.

ஒட்டும் மூடலும்

நல்ல குழாய் வாங்கிக் கெட்ட ஒட்டுப் போட்டால் எல்லாம் வீண். பிவிசிக்கு ஒரு சொல்யூஷன், சிபிவிசிக்கு வேறு. டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று ஒன்றுக்கு மற்றொன்றைத் தடவக்கூடாது. கெட்டிப்பட்ட சொல்யூஷனில் தின்னர் ஊற்றிக் கலக்கினால் அந்த டப்பாவைத் தூக்கி எறியுங்கள். குழாயைச் சதுரமாக வெட்டி, பிசிறு சுரண்டி, ஈரம் இல்லாமல் துடைத்து, குழாயின் வெளியிலும் ஃபிட்டிங்கின் உள்ளேயும் தடவி, கால் திருப்புத் திருப்பி முழுக்க உள்ளே தள்ளி, அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். விட்டவுடன் குழாய் கொஞ்சம் வெளியே வரப் பார்க்கும், அதற்காகத்தான் பிடிப்பது. "சொல்யூஷன் தண்ணியில கூடப் பிடிக்கும் சார்" என்று சொல்கிற தம்பியிடம் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நீங்களே துணியால் துடையுங்கள். ஒட்டியதும் மோட்டார் போடச் சொல்வார்கள். பெரிய குழாய் என்றால் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வெயிலில் தெரியும் பிவிசி, சிபிவிசி எல்லாவற்றுக்கும் வெளிர் நிறத்தில் தண்ணீரில் கரையும் பெயின்ட் இரண்டு பூச்சு. தின்னர் கலந்த எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். பூசாத குழாய் நாலைந்து வருஷத்தில் மாவு பூத்து, மம்பட்டிக் காம்பு பட்டாலே உடையும். வெள்ளைக் குழாயில் வெளிச்சம் உள்ளே போய்ப் பாசி பிடிப்பதும் இதனால் குறையும்.

மண்ணுக்குள் போவது ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில் இருக்கட்டும். டிராக்டர் கடக்கும் இடத்தில் மூன்றடி, அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் பெரிய இரும்புக் குழாய்க்குள் விட்டுப் போடலாம். அடியிலும் மேலேயும் ஒரு சாண் மணலோ சலித்த மண்ணோ. ஓடைக்கல் ஒன்று குழாயில் முட்டிக்கொண்டு இருந்தால் அந்த இடம்தான் முதலில் போகும்.

மூடுமுன் சோதனை. ஒட்டுகளை மட்டும் திறந்து வைத்து, குழாயின் மற்ற பகுதிகளை மண் போட்டு அழுத்திவிட்டு, மேட்டுப் பக்கம் காற்று வெளியேறத் திறந்து வைத்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். காற்று அடைபட்டு நின்றால் சோதனையே ஆபத்து. பிறகு கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பை வாடகைக்கு எடுத்து, நீங்கள் கணக்குப் போட்ட அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, குழாயில் எழுதிய வகையும் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பிளம்பருக்குக் கடைசித் தவணைப் பணம் இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான்.

முள் நின்றால், மண் தள்ளுவதற்கு முன் செல்போனில் வாய்க்கால் நெடுக போட்டோ எடுங்கள். ஒவ்வொரு எல்போ, டீ, வால்வுக்குப் பக்கத்திலும் டேப்பை விரித்து, வீட்டுச் சுவரில் இருந்து எத்தனை அடி, எத்தனை ஆழம் என்று தெரிகிற மாதிரி. அதைப் பார்த்து ஒரு தாளில் படம் வரைந்து, குழாயில் அச்சிட்ட வரியையும் அப்படியே எழுதி, பம்ப்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.